அம்மாவுக்கு ஓர் இளவேனில் சால்வை: பருத்தி நூலா, கம்பளி நூலா?

பிப்ரவரி 8, ஒரு வாசகியின் கேள்வி

ஏப்ரல் இறுதியில் அம்மா மதுரையிலிருந்து டொராண்டோ வருகிறார். சேலைதான் கட்டுவார். குளிர்கால மேலங்கி அப்போது தேவைப்படாது, ஆனால் எதுவும் போர்த்தாமல் வெளியே போகவும் முடியாது. ஒற்றைக் கொக்கியால் பின்னும் குரோஷாவில் ஒரு மெல்லிய சால்வை பின்னித் தரலாம் என்று நினைக்கிறேன். கம்பளி கனம், பருத்திதான் லேசு என்பதால் 10ஆம் எண் பருத்தி நூல் வாங்கப் போகிறேன். எத்தனை உருண்டை வேண்டும்?

பிப்ரவரி 8, இரவு

நூலை இன்னும் வாங்கவில்லை என்றால், தயவுசெய்து பொறுங்கள். இதே எண்ணத்தோடு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு என் அம்மாவுக்கு 10ஆம் எண் பருத்தி நூலில் ஒரு நீளச் சால்வை பின்னினேன். 50 கிராம் உருண்டைகள் ஏழு செலவாயின. பின்னும்போது மடியில் கிடந்ததால் அதன் கனம் எனக்கு உறைக்கவில்லை. அம்மா அதைப் போர்த்திக்கொண்டு ஏரிக்கரைப் பூங்காவில் நடந்த முதல் நாளே, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தோளை மேலே இழுத்து இழுத்துச் சரிசெய்ததைக் கவனித்தேன். காற்று அதன் துளைகள் வழியே அப்படியே உள்ளே புகுந்தது. கனமும் இருந்தது, கதகதப்பும் இல்லை. நாகர்கோவிலுக்குத் திரும்பும்போது பத்திரமாக மடித்து எடுத்துப்போனார். இன்று அது வீட்டில் தையல் இயந்திரத்தின் மேல் விரிப்பாக இருக்கிறது. என் வேலையை அவர் ஒரு சொல்லாலும் குறை சொன்னதில்லை, ஆனால் மீண்டும் ஒருநாளும் அதைப் போர்த்தவில்லை.

அவர் வருகிற மே மாதம் மறுபடியும் வருகிறார். உங்களோடு சேர்ந்து நானும் ஒரு புதிய சால்வை தொடங்குகிறேன்.

பிப்ரவரி 9

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 10ஆம் எண் பருத்தி நூல் 50 கிராமுக்கு ஏறத்தாழ 260 மீட்டர் வரும், அதாவது 100 கிராமுக்கு 520 மீட்டர். கடைகளில் லேஸ் கனம் என்று விற்கும் மெல்லிய கம்பளி நூல் 100 கிராமுக்கு ஏறத்தாழ 800 மீட்டர் வரும். காலுறை பின்னும் நூல் 400 மீட்டர்தான். ஆகவே நூலைக் கையில் எடுத்ததும் அது பருத்தியா கம்பளியா என்று பார்ப்பதற்கு முன்பே, சீட்டில் 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள்.

இழையின் இயல்பும் இதில் சேர்கிறது. பருத்தி இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம், கம்பளி இழையின் அடர்த்தி 1.3 கிராம். அதோடு கம்பளி இழை இயல்பாகவே சுருள் சுருளாக இருப்பதால், அந்தச் சுருள்களுக்கு நடுவே காற்று தங்குகிறது. நமக்குக் கதகதப்பைத் தருவது அந்தக் காற்றுதான். பளபளப்பான குரோஷாப் பருத்தி நூலோ காரக் கரைசலில் பதப்படுத்தி, இழுத்து, இறுக முறுக்கிச் செய்யப்பட்டது. மேசை விரிப்புக்கும் தலையணை ஓரத்துக்கும் அது அருமையான நூல். ஆனால் காற்றைப் பிடித்து வைக்கும் தன்மை அதனிடம் இல்லை.

இந்த ஊர் இளவேனிலுக்கு அந்தத் தன்மை அவசியம். நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். இங்கேயும் ஏறத்தாழ அதே மாதங்கள்தான், ஆனால் ஏப்ரலில் பகல் வெப்பம் பெரும்பாலும் 10 டிகிரியைச் சுற்றியே நிற்கும், மே நடுவில்தான் 18 டிகிரியைத் தொடும். ஒன்டாரியோ ஏரியின் நீர் அதுவரை சில்லென்றே இருப்பதால், அந்தப் பக்கத்திலிருந்து காற்று திரும்பினால் வெயில் அடிக்கும்போதே குளிரும். பையில் மடித்து வைக்கவும், எடுத்தவுடன் போர்த்தவும் ஏற்ற ஒன்றுதான் நமக்கு வேண்டும்.

பிப்ரவரி 9, மாலை

"கம்பளி கழுத்தில் குத்தாதா?" என்ற கேள்வி நியாயமானது. குத்துவது கம்பளி என்பதனால் அல்ல, இழையின் தடிமனால்தான். ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மேற்பட்ட முரட்டு இழைகளின் நுனிகள்தான் தோலை உறுத்தும். 20 மைக்ரானுக்குக் குறைவான மெரினோ கம்பளி பெரும்பாலோருக்கு உறுத்துவதில்லை. ஆனாலும் வயதானவர்களின் தோல் மெல்லியது. கடையிலேயே நூலைக் கழுத்தில் காதுக்குக் கீழே ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். உள்ளங்கையை நம்ப வேண்டாம்.

பிப்ரவரி 13

நூல் வந்துவிட்டது. 100 கிராம், 800 மீட்டர், ஒரே சிட்டம் (உருண்டையாகச் சுற்றாத நூல் கட்டு). பழுத்த கொய்யாவின் உட்புறம் போன்ற நிறம்.

பின்னலைப் பற்றி என் ஆலோசனை: சாலமன் முடிச்சு என்று சொல்லப்படும் பின்னலை முயன்று பாருங்கள். குரோஷாவில் இதைவிடக் குறைந்த நூலில் இவ்வளவு பரப்பை நிரப்பும் பின்னல் எனக்குத் தெரிந்து வேறில்லை. கொக்கியில் இருக்கும் கண்ணியை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக இழுங்கள். நூலைக் கொக்கியில் சுற்றி அந்த நீளக் கண்ணிக்குள் இழுத்தால் ஒரு செயின், அதாவது சங்கிலிக் கண்ணி, உருவாகும். இப்போது அந்தச் செயினைப் பிரித்துப் பார்த்தால், முன்னால் இரண்டு இழைகள் சேர்ந்தும் பின்னால் ஒற்றை இழை தனித்தும் ஓடுவது தெரியும். அந்த ஒற்றை இழையின் கீழே மட்டும் கொக்கியை நுழைத்து ஒரு சிங்கிள் (குட்டையான அடிப்படைத் தையல்) போட வேண்டும். முடிச்சு அங்கே பூட்டிக்கொள்ளும். தவறான இழையின் கீழ் நுழைத்தால் கண்ணி பூட்டாது, இழுக்க இழுக்க நீளும். கண்ணிகள் எல்லாம் ஒரே நீளம் வர, நான் என் ஆள்காட்டி விரலின் அகலத்தை அளவாக வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் பெரியம்மாதான் எனக்கு இதைச் சொல்லித் தந்தார். நாகர்கோவில் லேஸ் என்று பெயர்பெற்ற கைவேலையும் இந்தக் குரோஷாதான்.

பிப்ரவரி 19

எவ்வளவு நூல் ஆகும் என்று ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்து, இழுத்து விரித்துக் காயவைத்த பிறகு அளந்து எடை போடுங்கள். என்னுடையது கொக்கியிலிருந்து இறங்கியபோது 13 சென்டிமீட்டர் சதுரம், விரித்துக் காய்ந்த பிறகு 15 சென்டிமீட்டர். எடை 3 கிராம். நான் நினைத்திருக்கும் முக்கோணத்துக்கு மேல் விளிம்பு 170, நடு உயரம் 80. பரப்பு 6,800 சதுர சென்டிமீட்டர். மாதிரித் துண்டின் பரப்பு 225. ஆக 30 துண்டுகளுக்குச் சற்று மேல், ஏறத்தாழ 91 கிராம். மீதி 9 கிராம்தான் என்பதால் ஓர வேலைப்பாட்டைக் கைவிட வேண்டியிருக்கும் என்று வருத்தமாக இருக்கிறது.

பிப்ரவரி 20

நேற்றைய கணக்கைத் திருத்துகிறேன். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. அது 3 என்று காட்டினால் உண்மை எடை இரண்டரையிலிருந்து மூன்றரை வரை எதுவாகவும் இருக்கலாம், அந்தப் பிழையை முப்பதால் பெருக்கினால் கணக்கே மாறிவிடும். நகை எடை பார்க்கும் சிறு தராசு ஒன்றைத் தோழியிடம் வாங்கிவந்து மறுபடி நிறுத்தேன். 2.6 கிராம். முப்பது மடங்கு என்றால் 79 கிராமுக்குள் வருகிறது. ஓர வேலைப்பாட்டுக்கு 20 கிராம் மிஞ்சும்!

பிப்ரவரி 22

30ஆம் எண் பருத்தி நூலில் பின்னிய சால்வை தன்னிடம் இருப்பதாகவும், அது கம்பளியைவிட லேசாக இருப்பதாகவும் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. எண் ஏற ஏற நூல் மெலியும் என்பதால், 30ஆம் எண்ணில் 50 கிராமுக்கே 500 மீட்டருக்கு மேல் வரும். பழியை முழுவதும் பருத்தியின் மேல் போட்டது என் தவறு. என் பழைய சால்வையைக் கெடுத்தது நூலின் தடிமனும், அதற்கு நான் எடுத்த 1.75 மில்லிமீட்டர் கொக்கியும், நெருக்கிய பின்னலும்தான். ஆனால் அவர் வசிப்பது சிங்கப்பூரில் என்பதையும், அதைக் குளிர்பதன அறையில்தான் போர்த்துகிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே பருத்தி போதும். ஏரிக்காற்றுக்கு நான் கம்பளியைத்தான் சொல்வேன். தொங்கத் தொங்கப் பருத்தி கீழ்நோக்கி நீண்டுபோகும், கம்பளிக்கு மீண்டு சுருங்கும் தன்மை உண்டு என்பதும் ஒரு காரணம்.

பிப்ரவரி 27

கேள்வி கேட்ட வாசகி தன் மாதிரித் துண்டின் படத்தை அனுப்பியிருக்கிறார். 800 மீட்டர் நூல், 4 மில்லிமீட்டர் கொக்கி, எல்லாம் சரி. ஆனால் துண்டு அட்டை போல விறைத்து நிற்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவர் பின்பற்றும் செய்முறை அமெரிக்கச் சொற்களில் எழுதப்பட்டது. அவர் கற்றதோ நம் ஊர்ப் பள்ளியில் நடைமுறையில் இருந்த பிரிட்டிஷ் சொற்களில். அமெரிக்கர் டபுள் என்று எழுதுவதை பிரிட்டிஷார் டிரெபிள் என்பார்கள். பிரிட்டிஷார் டபுள் என்பது அமெரிக்கரின் சிங்கிள், அதாவது எல்லாவற்றிலும் குட்டையான, நெருக்கமான பின்னல். ஆகவே உயரமாக எழ வேண்டிய ஒவ்வொரு தையலும் பாதிக்கும் குறைவான உயரத்தில் நின்றுவிட்டது.

செய்முறையில் சிங்கிள் என்ற சொல் ஓரிடத்திலாவது வந்தால் அது அமெரிக்க முறை என்று எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரில் வழக்கமான தையல் கிடையாது. வீணானது ஒரு மாலை நேரம்தான். துண்டைப் பிரித்து, நூலை நனைத்துக் காயவைத்து மீண்டும் பயன்படுத்துங்கள்.

மார்ச் 6

சாலமன் முடிச்சுக்கு நான் தந்த ஆலோசனையைத் திரும்பப் பெறுகிறேன். பதினெட்டு வரிசை பின்னியிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாளின் தோளில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் கையை உயர்த்தியதும் வளையலின் பூட்டு ஒரு நீளக் கண்ணியில் மாட்டியது, எடுக்கப் போனபோது மோதிரத்தின் கல் இன்னொன்றில் மாட்டியது. நீளக் கண்ணி என்பது பிடிப்பில்லாத தனி இழைகள். ஒன்றை இழுத்தால் பக்கத்து முடிச்சுகள் இறுகி, அந்த இடம் சுருங்கிப்போகும். வளையலும் சங்கிலியும் தோடும் எப்போதும் அணிந்திருக்கும் நம் அம்மாக்களுக்கு இது ஒத்துவராது. நானும் வெறும் கையோடு உட்கார்ந்து பின்னியதால் இதை முன்பே யோசிக்கவில்லை.

முழுவதையும் பிரித்துவிட்டேன். இப்போது எடுத்திருப்பது எளிய வலைப்பின்னல்: அமெரிக்க முறைப்படி ஒரு டபுள், ஒரு செயின், கீழே ஒரு தையலை விட்டு அடுத்த டபுள். துளை, விரல் நுனி நுழையாத அளவுக்குச் சிறியது. பிப்ரவரியில் நான் எடை போட்ட மாதிரித் துண்டு சாலமன் முடிச்சில் ஆனது அல்லவா என்று கேட்கக்கூடும். இல்லை, அன்றே இரண்டையும் பின்னிப் பார்த்தேன், கணக்குக்கு எடுத்தது வலைப்பின்னல் துண்டைத்தான். அதைத் தெளிவாக எழுதாதது என் பிழை.

மார்ச் 9

மோதிரத்துக்குள் நுழையும் சால்வையைக் குரோஷாவில் பின்ன முடியுமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளிலும் ரஷ்யாவின் ஓரன்பர்க்கிலும் அப்படிப் புகழ்பெற்ற சால்வைகள் இரண்டு ஊசிகளில் பின்னப்படுபவை. அந்த முறையில் ஒரு கண்ணி இன்னொரு கண்ணிக்குள் ஒருமுறைதான் போகும். குரோஷாவில் ஒவ்வொரு தையலும் தன்மீதே இரண்டு மூன்று முறை சுற்றிக்கொண்டு நிற்பதால், துணி தடிமனாகும், அதே பரப்புக்கு நூலும் கூடுதலாகச் செலவாகும். அதைத் துரத்தாமல், குரோஷாவுக்கு இயல்பாக வரும் திறந்த வலையையும் உறுதியான ஓரத்தையும் நம்பினால் போதும். அதற்கு ஈடாக இதில் ஒரு நிம்மதி உண்டு. கொக்கியில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான், பேருந்தில் நழுவினாலும் வரிசை முழுவதும் கழன்று ஓடாது.

மார்ச் 10

பிப்ரவரி 13 அன்று நாகர்கோவில் லேஸைப் பற்றி எழுதிய வரி தவறு. அங்கே வளர்ந்த ஒரு வாசகி சுட்டிக்காட்டினார், அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் லண்டன் மிஷன் சபையைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்பித்தது திண்டு லேஸ். ஒரு திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அதில் கொக்கியே கிடையாது. குரோஷா லேஸுக்குப் பெயர்பெற்றது ஆந்திரத்தின் நரசாபுரம். அந்த வேலைப்பாடு 2024இல் புவிசார் குறியீடும் பெற்றது. பெரியம்மாவின் வீட்டில் திண்டும் இருந்தது, கொக்கியும் இருந்தது. சிறு பிள்ளையாகப் பார்த்த இரண்டும் என் நினைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

மார்ச் 21

சிட்டத்தை உருண்டையாகச் சுற்றாமல் நேரடியாகப் பின்னத் தொடங்காதீர்கள். இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகு வைத்து அதில் மாட்டி, கட்டியிருக்கும் சிறு நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, இறுக்காமல் சுற்ற வேண்டும். 800 மீட்டருக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. இதில் அவசரப்பட்டால் சிக்கெடுக்க இரண்டு நாள் ஆகும்.

முக்கோணம் பின்னும்போது நூல் செலவாகும் விதம் ஏமாற்றக்கூடியது. மேல் விளிம்பின் நடுவில் தொடங்கிக் கீழே இறங்க இறங்க, ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட நீளம். நான் திட்டமிட்டது 56 வரிசை. 28 முடித்தபோது 19 கிராம்தான் செலவாகியிருந்தது. இவ்வளவு மிச்சம் இருக்கிறதே, இன்னும் பெரிதாகவே பின்னலாமே என்று தோன்றும். அப்படி நினைக்க வேண்டாம். பாதி வரிசைக்குக் கால் பங்கு நூல்தான் ஆகும், பாதி நூல் தீர்வது 40ஆம் வரிசையில். கடைசி வரிசைகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.7 கிராம் கேட்கும். ஓரத்துக்கு வேண்டிய நூலை ஒதுக்கி வைத்துவிட்டு, வரிசைக்கு வரிசை உருண்டையை எடை போட்டுக்கொண்டே போங்கள்.

ஏப்ரல் 4

ஓரம் முடிந்தது. விசிறி வடிவம், ஒவ்வொரு விசிறியிலும் ஏழு டபுள். 18 கிராம் ஆயிற்று. முதல் மூன்று விசிறிகளை இறுக்கமாகப் போட்டதால் விளிம்பு உள்பக்கம் மடங்கியது. பிரித்து, ஓரத்துக்கு மட்டும் 4.5 மில்லிமீட்டர் கொக்கிக்கு மாறினேன்.

இப்போது பார்க்க, கசங்கிய வாழைச்சருகு போலத்தான் இருக்கிறது. கேள்வி கேட்ட வாசகியும் தன்னுடையது அப்படித்தான் இருக்கிறது என்று மனம் தளர்ந்து எழுதியிருந்தார். நனைப்பதற்கு முன்பு எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஏப்ரல் 12

வெதுவெதுப்பான நீரில், கம்பளிக்கான சோப்பு சில துளி விட்டு, இருபது நிமிடம் ஊறவைத்தேன். கசக்கக் கூடாது, பிழியக் கூடாது. வெந்நீரும் தேய்ப்பும் சேர்ந்தால் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டிப்படும், பிறகு எதனாலும் பிரிக்க முடியாது. தூக்கும்போது இரண்டு கைகளாலும் அடியில் தாங்க வேண்டும். பெரிய துவாலையில் விரித்துச் சுருட்டி, அந்தச் சுருளின் மேல் மெல்ல மிதித்து ஈரத்தை எடுத்தேன்.

பிறகு பிள்ளைகள் விளையாடும் நுரைப் பாய்களைத் தரையில் அடுக்கி, அதன்மேல் விரிப்பு போட்டு, முதலில் மேல் விளிம்பை நேர்கோட்டில் குத்தினேன். அடுத்து நடு முனையை இழுத்தேன். கடைசியாக ஒவ்வொரு விசிறியின் நுனிக்கும் ஒரு குண்டூசி. துருப்பிடிக்காத குண்டூசியாக இருக்க வேண்டும். கைக்கு அடங்காத சுருக்கமாகக் கிடந்த துணி, ஊசி ஏற ஏறத் திறந்துகொண்டே போனது. ஒவ்வொரு துளையும் சதுரமாக நின்றது. அதன் வழியே கீழே விரித்திருந்த விரிப்பின் கோடுகள் தெரிந்தன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இந்த நேரம் சலிப்பதில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே கிடந்தது.

இரண்டு எச்சரிக்கைகள். அக்ரிலிக் நூலில் பின்னியவர்கள் இப்படி நனைத்துக் குத்தினால் வடிவம் நிற்காது. அதற்கு நீராவி வேண்டும், நீராவி மிகுந்தால் நூல் தன் உயிர்ப்பை இழந்து துவண்டுவிடும், திருப்பவும் முடியாது. மொஹேர் (அங்கோரா ஆட்டு முடி) நூலை விரும்புகிறவர்களுக்கு: 25 கிராமுக்கு 210 மீட்டர் வரும் மொஹேர் பட்டு நூல் மிக அழகானதுதான், ஆனால் அதன் பூமுடி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் தவறிய வரிசையைப் பிரிப்பது பெரும்பாடு. முதல் சால்வைக்கு அது வேண்டாம்.

மே 3

வாசகியின் அம்மா வந்துவிட்டார். சால்வை பிடித்திருக்கிறதாம், ஆனால் பட்டுச் சேலையின் மேல் வழுக்குகிறது என்கிறார். முந்தானை இடது தோளை உயர்த்துவதால் முக்கோணம் வலப்பக்கம் சரியும். ஊக்கு குத்தினால் சேலையும் கெடும், சால்வையும் கெடும். இரண்டு பொத்தான்களை ஒரு சென்டிமீட்டர் நூலால் பிணைத்து, ஒன்றைச் சால்வையின் ஒரு பக்கத் துளையிலும் மற்றதை மறுபக்கத் துளையிலும் நுழைத்துப் பாருங்கள். வலைப்பின்னலில் எல்லாத் துளையும் பொத்தான் துளைதான், வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். மார்புக்கு நடுவில் அல்ல, வலது தோளுக்குக் கீழே மாட்டினால் முந்தானையின் மடிப்பும் கலையாது.

மே 18

நேற்று அம்மாவோடு அதே ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனேன். சால்வையின் எடை 94 கிராம், பழையதில் கால் பங்குக்குச் சற்று மேல். ஒரு மணி நேரம் நடந்தோம். அவர் தோளைச் சரிசெய்கிறாரா என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒருமுறை மட்டும், காற்று பலமாக அடித்தபோது, இரு முனைகளையும் இழுத்துக் கைக்குள் இடுக்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி, காப்பி போட்டுக் குடித்து முடிக்கும்வரை அது அவர் தோளிலேயே இருந்தது. வளையல் ஓரிடத்தில் மட்டும் ஓர விசிறியை இழுத்திருக்கிறது, ஊசி முனையால் இழையைத் திருப்பித் தள்ளியதும் சரியாகிவிட்டது.

மீதி 6 கிராம் நூலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாயத் தொகுதி மாறினால் நிறம் ஒத்துவராது. ஒரு துண்டு அட்டையில் சுற்றி, சீட்டையும் அதோடு சேர்த்துச் சால்வையின் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.